முதலில் செத்து அப்புறம் ஆடியவன்

நேற்று தெப்ராவில் ஒரு மாமாக் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்து மேசையில் இரண்டு இளைஞர்கள், புதிதாக வந்திருக்கும் விண்வெளிப் படத்துக்காகக் கத்திக்கொண்டிருந்தார்கள். ஒருவன் காவியம் என்கிறான், மற்றவன் குப்பை என்கிறான். ரொட்டி சானாய் ஆறி அப்பளமாகிவிட்டது. நாற்காலியை இழுத்துப் போட்டு நடுவில் உட்காரலாமா என்று எனக்குக் கால் பரபரத்தது. இப்படி ஒரு படச் சண்டையில் என் கல்யாணமே நின்றுபோகப் பார்த்தது, தெரியுமா உங்களுக்கு?

ரொட்டிக்கு ஊற்றும் அந்தப் பருப்புக் குழம்பு வாசனைதான் அந்தக் காலத்து எங்கள் தொழிற்சாலை வேனின் வாசனையும். காலையில் ஆளுக்கொரு பொட்டலத்தோடு ஏறுவார்கள். முன் இருக்கையில் வசந்தி. அவளுக்கும் எனக்கும் நடுவில் சுவர் மாதிரி அவள் அண்ணன் தனபாலன், எங்கள் பிரிவின் சூப்பர்வைசர். அப்பா இல்லாத வீடு, அவர் தலையாட்டினால்தான் கல்யாணம். பெண் கேட்டிருந்தேன். பாதி ஆட்டியிருந்தார்.

அந்த நேரம் பார்த்து வந்து தொலைந்தது அந்தப் படம். சூரியன் அதிகமாகக் கொதிக்கிறதாம், அதைக் குளிர வைக்க ஒரு விஞ்ஞானி ராக்கெட்டில் போகிறானாம். முதல் பாதி முழுக்க வெள்ளிக் காற்சட்டை போட்டுக்கொண்டு ஆடுகிறான். பின்பாதியில் சூரியனிடம் போய்ச் செத்துப்போகிறான். ஊரே தியேட்டரில் விழுந்து கிடந்தது. நானும் பார்த்துவிட்டு வந்து, வேனில் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், “சுத்த மோசம் லா” என்றேன்.

தனபாலன் மெதுவாகத் திரும்பினார். “என்ன சொன்ன தம்பி? அந்தப் படத்த பாத்துட்டு எனக்கு சோறு எறங்கல, தெரியுமா?”

அன்றிலிருந்து வேன் இரண்டாகிவிட்டது. படம் பிடித்தவர்கள் இடது பக்கம், பிடிக்காதவர்கள் வலது பக்கம். இடது பக்கம் கூட்டம் அதிகம், வண்டி சாய்கிறது என்று டிரைவர் தலையில் அடித்துக்கொண்டார். கடைசியில் தனபாலன் தீர்ப்பைச் சொன்னார். “இந்தப் படத்த பாத்து அழாதவன் கல்லு மனசுக்காரன். நாளைக்கி என் தங்கச்சி அழுதா மட்டும் திரும்பிப் பாப்பானா?”

அதில் ஒரு நியாயம் இருப்பதாக வலது பக்கத்துக்காரர்களே சொன்னதுதான் கொடுமை.

கேண்டீனில் வசந்தி என்னைப் பிடித்துக்கொண்டாள். “நல்லாருக்குன்னு ஒரு வார்த்த சொன்னா கொறஞ்சா போயிருவீங்க?”

“வெள்ளி காலுசட்டையோட சூரியனுக்குப் போறான் வசந்தி. எப்படிச் சொல்றது?”

அப்போது எனக்கு இருபத்து நாலு வயது. கல்யாணத்தைவிட சினிமா ரசனை பெரிதாகத் தெரிகிற வயது.

அவளே ஒரு வழி சொன்னாள். “ஞாயித்துக்கெழம வீட்டுக்கு வாங்க. அண்ணன் முன்னாடி மறுபடி பாருங்க. அழுகை வரலன்னா நான் பக்கத்துல உக்காந்து வெங்காயம் உரிக்கிறேன்.”

போனேன். அப்போதெல்லாம் படம் இரண்டு விசிடியாக வரும். பசார் மாலாம் இரவுச் சந்தையில் பிளாஸ்டிக் உறையில் போட்டு, கடைக்காரனே மார்க்கர் பேனாவால் ஒன்று, இரண்டு என்று எழுதித் தருவான். தனபாலன் பயபக்தியோடு ஒன்றைப் போட்டார். எடுத்த எடுப்பிலேயே கதாநாயகன் சூரியன் பக்கத்தில் கருகிச் செத்துக்கொண்டிருந்தான்.

“அண்ணே, இது ரெண்டாவது சிடி.”

“ஒண்ணுன்னு எழுதியிருக்கு பாரு.”

எழுதித்தான் இருந்தது. கடைக்காரன் மாற்றி எழுதிவிட்டான். தியேட்டருக்கே போகாத இந்த மனிதர் இத்தனை நாளும் படத்தைப் பின்பக்கமிருந்து பார்த்து அழுதிருக்கிறார்! விளக்கிச் சொன்னேன். கொஞ்ச நேரம் மோவாயைத் தடவினார்.

“அப்ப டைரக்டரு தப்பா எடுத்துட்டாரு. கடைக்காரன் சரி பண்ணிட்டான். பேசாம பாரு.”

சாவு முடிந்தது. மற்ற சிடியைப் போட்டார். செத்தவன் வெள்ளிக் காற்சட்டையோடு வந்து ஆடினான். சிரிக்க வாயெடுத்தேன், முடியவில்லை. கொஞ்ச நேரத்துக்கு முன்னால்தான் இவன் கருகியதைப் பார்த்தேன். இவனுக்கு அது தெரியாது. இடுப்பை வெட்டி வெட்டி ஆடுகிறான், பாவி. கடைசியில் ராக்கெட் ஏறப் போகும்போது அவன் அம்மா சாப்பிட்டுப் போகச் சொல்கிறாள். வந்து சாப்பிடுகிறேன் என்று சிரிக்கிறான். திரை நீலமாகிவிட்டது. அவ்வளவுதான், சிடி முடிந்தது.

நான் விக்கி விக்கி அழுதுகொண்டிருந்தேன். வசந்தி அப்போதுதான் வெங்காயக் கூடையை எடுத்துக்கொண்டு வந்தாள், அப்படியே நின்றுவிட்டாள். தனபாலன் தோளில் கிடந்த துண்டை நீட்டினார். “தொடச்சிக்க மாப்ள.”

கல்யாணத்துக்குப் பிறகும் எந்தப் படம் வந்தாலும் எனக்கும் மச்சான் தனபாலனுக்கும் சண்டைதான். நான் நல்லது என்றால் அவர் மட்டம் என்பார். விசிடிக் கடைகள் போயின, அதைப் போட்டுப் பார்க்கும் பெட்டியும் போயிற்று. இன்றைக்குத் தொழிற்சாலை வேனில் ஆளுக்கொரு கைப்பேசி, ஆளுக்கொரு படம், சண்டைக்கு யாருக்கும் காது காலியாக இல்லை. எங்கள் சண்டை மட்டும் நிற்கவில்லை.

போன மாதம் இந்தப் புது விண்வெளிப் படத்துக்கு மச்சானைக் கூட்டிக்கொண்டு போனேன். வெளியே வந்ததும் வேண்டுமென்றே, “படு மட்டம் மச்சான்” என்றேன். உண்மையில் எனக்குப் படம் பிடித்திருந்தது.

“நீ சொன்னா சரிதான் மாப்ள” என்றார்.

மச்சான் சண்டைக்கே வரவில்லை என்று வீட்டுக்கு வந்து வசந்தியிடம் சொன்னேன். அடுப்பை அணைத்துவிட்டு அவருக்குப் போன் போட்டாள், நான் கேட்கும்படி வைத்தாள். “அண்ணே, இவரு அந்த வெள்ளி காலுசட்ட படத்தையே மட்டம்ங்கிறாரு. கேளுங்க!”

அவர் கத்துவார் என்று இருவரும் காத்திருந்தோம்.

“எந்தப் படம்மா?” என்றார்.

வசந்தி என்னைப் பார்த்தாள். போனை வாங்கிக் கதையைச் சொல்ல ஆரம்பித்தேன், அவன் சாவதிலிருந்து. கருகியதைச் சொன்னேன், ஆடியதைச் சொன்னேன், அம்மா சாப்பிடக் கூப்பிட்டதைச் சொன்னேன். மறுமுனையில் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் வந்தது.

“ரொம்ப நல்லாருக்கே மாப்ள” என்றார். “எங்க ஓடுது?”