சம்பந்தியின் புதுப் பெட்டியும் என் பழைய பெட்டியும்

என் சிடி பிளேயர் எண்பதுகளின் இறுதியில் வாங்கியது. ஒரு நேரத்தில் ஒரு தட்டைத்தான் ஏற்கும். அம்மிக்கல் போலக் கனக்கும். விருதுநகரில் பாட்டுப்பெட்டி வாங்க நினைப்பவர்கள் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் கடைக்குப் போவார்கள். நல்ல ஒலியையும் வெறும் சத்தத்தையும் பிரித்தறியும் காது எனக்குண்டு என்று நானும் பல ஆண்டுகளாகச் சொல்லி வந்திருந்தேன்.

சிவகாசியில் பட்டாசு ஆலை நடத்தும் என் சம்பந்தி, இரண்டாயிரத்துக்குப் பின் ஒரு தீபாவளி சீசன் முடிந்த கையோடு, புது பிளேயரும் ஆறு ஒலிபெருக்கிகளும் வாங்கினார். அழைத்தார், போனேன். டீப்பாயின்மேல், ஆலையில் வெடிச்சத்தம் அளக்கும் கருவி வீற்றிருந்தது.

"எம்புட்டுக் காட்டுது பாருங்க சம்பந்தி. உங்க பெட்டி இதுல பாதியாவது ஏறுமா?"

"சரவெடிக்கு அது போதும். நாயனத்துக்குக் காது வேணும்."

"அப்ப உங்க பெட்டியக் கொண்டாங்க. ரெண்டையும் மறைச்சு வச்சுப் போடுவோம். எது எதுன்னு சொல்லிட்டீகன்னா ஒத்துக்கிடுதேன். இல்லேன்னா காது, காதுன்னு பேசுறத விட்டுறணும்."

மறு ஞாயிற்றுக்கிழமை என் பெட்டியை மடியில் வைத்துக் காரில் கொண்டுசென்றேன். கூடத்தில் ஜமுக்காளத்தைத் திரையாகக் கட்டி, இரு பெட்டிகளையும் ஒரே ஆம்ப்ளிஃபயரில் இணைத்தார்கள். திரைக்குப் பின்னால் ஆலையின் போர்மேன். ஒரே நாதஸ்வரத் தட்டை ஒன்றில் போட்டு, பிறகு மற்றதில் போடவேண்டும்.

முதல்முறை ஒலித்ததும் சம்பந்தி நிமிர்ந்தார். "இதான் நம்மது. கண்ணாடி கணக்கா இருக்கு."

இரண்டாம் முறை நான் கண்களை மூடிக்கொண்டேன். சீவாளியில் மூச்சு இழையும் ஈரமே கேட்டது. புதிய கருவிகள் ஒலியை இழைப்புளி போட்டு வழித்துவிடுகின்றன, பழையவை அதன் சதையை விட்டுவைக்கின்றன என்று விரிவாகவே விளக்கினேன். "இதுதான் என்னுடையது."

"ஆமா, கொஞ்சம் மங்கல்தான்," என்று சம்பந்தியும் ஒப்புக்கொண்டார்.

போர்மேன் தலையைக் குனிந்தபடி திரையை விலக்கிக்கொண்டு வந்தார்.

"மொதலாளி, ஐயாவோட பெட்டில தட்டு வைக்கிற வாய் தெறக்கவே இல்ல. ரெண்டு தடவையும் புதுசுலதான் போட்டேன்."

"ஏலே, அத முன்னாலயே சொல்றதுக்கென்ன?"

"சொல்லத்தான் வந்தேன். அதுக்குள்ள ரெண்டு பேரும் பேச ஆரம்பிச்சிட்டீக. பெரியவுக பேசையில எப்படிக் குறுக்க வர?"

முப்பது வருடம் வெடித்துப் பார்த்துத் தேய்ந்த காது என்று சம்பந்தி சொல்லிக்கொள்ளலாம். எனக்கு அந்தச் சாக்கும் இல்லை.

விருதுநகரில் கேட்டவர்களிடம் என் பெட்டி வென்றதாகச் சொன்னேன். சிவகாசியில் அவருடையது வென்றதாகப் பேச்சு. நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் மறுக்கவில்லை. அடுத்த தீபாவளிக்குப் போர்மேனுக்கு இரண்டு வீடுகளிலிருந்தும் பட்டு வேட்டி போயிற்று.