குளக்கட்டில் நின்ற வேன்

நோயாளியின் உடம்பில் இரத்தம் போதுமா என்று பார்க்க, தினமும் ஒரு போத்தல் இரத்தம் எடுத்த வைத்தியரைக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? அது நான்தான். எனக்கு அப்போது ஒன்பது வயது. நோயாளி, என் தாய்மாமாவின் பழைய டீசல் வேனில் இருந்த பற்றறி.

மலைநாட்டில் ஓடியவரை அந்த வேனுக்கு ஒரு குறையும் வந்ததில்லை என்று மாமா சத்தியம் செய்வார். பொய் இல்லை. அங்கே எந்த வேனும் இறக்கத்தில்தான் நிற்கும். பிரேக்கை விட்டு, உருளவிட்டு, கியரைப் போட்டால் எஞ்சின் பிடித்துக்கொள்ளும். பற்றறி என்று ஒன்று இருப்பதையே மாமா மறந்திருந்தார். கட்டுக்கரைக் குளத்துக்குக் கீழே நாங்கள் குடியேறியிருந்த ஊருக்கு வேனோடு வந்தபிறகுதான் சனி பிடித்தது. ரொட்டிக்கல் மாதிரித் தட்டையான ஊர். காலையில் சாவியைத் திருப்பினால் பல்லி சொல்வதுபோல் ‘டிக், டிக்’. அவ்வளவுதான்.

மாமாவுக்குக் கிடைத்திருந்தது ஒரே ஒரு ஹயர். காலையில் ஆறு டீச்சர்மாரை ஏற்றி, கடலுக்குக் குறுக்கே போகும் தாம்போதி தாண்டி, மன்னார்த் தீவுப் பள்ளிக்கூடத்தில் இறக்க வேண்டும். இரண்டு தடவை பிந்தியாயிற்று. இன்னொரு தடவை பிந்தினால் பஸ்ஸில் போய்விடுவோம் என்று சொல்லிவிட்டார்கள்.

உப்புக்காற்றில் பற்றறி முனைகளில் பூத்திருந்த வெள்ளைப் படையைச் சுடுதண்ணீர் ஊற்றிக் கழுவிக்கொண்டே மாமா அலுப்போடு சொன்னார்:

“சாவியத் திருப்புறப்ப லைட்டு மங்குச்சுன்னா பெட்டரி வீக்குடா மருமவனே. லைட்டு மங்காம நின்னுச்சுன்னா ஸ்டார்ட்டர்ல கோளாறு.”

அந்த இரண்டு வரியில் நான் பட்டம் வாங்கிவிட்டேன். தினமும் பின்னேரக் கருக்கலில், மாமா குளிக்கப் போனதும், வேனில் ஏறி ஹெட்லைட்டைப் போடுவேன். எதிர்ச் சுவரில் வெளிச்சம் விழும். மங்குகிறதா? இல்லை. அவசரப்படக் கூடாது, நல்ல வைத்தியருக்குப் பொறுமை வேண்டும். அரை மணித்தியாலம் பொறுத்திருந்தால் எப்படியும் மங்கும். உடனே லைட்டை அணைத்துவிட்டு ஓடுவேன்.

“மாமா, இன்னைக்கும் வீக்கு!”

மாமா தலையைத் துவட்டியபடி பெருமூச்சு விடுவார்.

அந்த மூன்றாவது காலையும் வந்தது. டிக், டிக். நேரமாகிறதே என்று எங்கள் வாசலுக்கே வந்துவிட்ட ஆறு டீச்சர்மாரும் சேலையை இடுப்பில் சொருகிக்கொண்டு மணலில் வேனைத் தள்ளினார்கள்.

“நாங்கள் படிப்பிக்கப் போறமோ, வண்டில் இழுக்கப் போறமோ?” என்று மூச்சு வாங்கினார் மூத்த டீச்சர். “அண்ணை, இதுதான் கடைசித் தரம். சொல்லிப்போட்டன்.”

“சரிங்க டீச்சர்” என்றார் மாமா.

நான் வாசலில் நின்று வெற்றிக்குரலில் கத்தினேன். “நான் நேத்தே சொன்னேன்ல! அரை மணித்தியாலம் லைட்டப் போட்டுப் பாத்தேன், மங்கிருச்சு!”

மாமா திரும்பி என்னைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். என் திறமை இப்போதுதான் அவருக்கு விளங்கியிருக்கிறது என்று எனக்குப் புல்லரித்தது. எஞ்சின் இருமிக்கொண்டு கிளம்பியது. மணி அடிக்கும்போது பள்ளிக்கூட வாசலுக்குள் நுழைந்தார்களாம்.

அன்று பின்னேரத்திலிருந்து மாமா வேனைக் குளக்கட்டுச் சரிவில் நிறுத்தினார். வீட்டிலிருந்து ஒரு மைல். வேன் ஓட்டிக் களைத்தபிறகு ஒரு மைல் நடை, விடியுமுன் எழுந்து மறுபடி ஒரு மைல்.

“ஏண்ணே இந்தப் பாடு?” என்று அம்மா கேட்டால், “எறக்கம் வேணும்ல” என்பார். இடுப்பில் கட்டிய சாரம் முழங்கால்வரை புழுதியாக வந்து, சாப்பிட்டுப் படுத்துவிடுவார். ஹயர் கைவிட்டுப் போகாமல் தப்பியது. வழியில் மேயும் எருமைகளைத் தாண்டிக் குளக்கட்டுக்குப் போக நான் பயந்ததால், என் வைத்தியசாலைதான் மூடப்பட்டது.

ஒரே ஆச்சரியம், சில நாட்களில் அந்த வேன் சமதரையிலும் ஒரே திருப்பில் கிளம்பியது. குளத்துக் காற்று பற்றறிக்கு நல்லது என்று வகுப்பு முழுக்கச் சொல்லித் திரிந்தேன்.

போன கிழமை, மன்னார் உப்புக்குளத்தில் என் வீட்டு வாசலில் என் காரும் ‘டிக், டிக்’ என்றது. என் மகள் உள்ளே ஏறி லைட்டைப் போட்டு விளையாடியிருக்கிறாள். அவளைத் திட்டித் தீர்த்துக் களைத்துப்போய் உட்கார்ந்தபோதுதான் ஏதோ உறைத்தது. மாமாவுக்குப் போன் போட்டேன்.

“மாமா, அன்னைக்கு வேனக் குளக்கட்டுல விட்டது எறக்கத்துக்குத்தானே?”

“இல்லடா, ஒனக்குத் தூரம்னு.”