ஓடிப்போகிறவள் போனை விட்டுவிட்டுப் போவாளா?

பட்டாபிராமில் எங்கள் பக்கத்து வீட்டுப் பெண் திவ்யாவுக்குப் (பெயரை மாற்றியிருக்கிறேன்) பதினாறு வயது. ஒருநாள் காலையில் கடைக்குப் போனவள் மதியமாகியும் வரவில்லை. அதற்குள் தெருவே தீர்ப்புச் சொல்லிவிட்டது.

"எவன்கூடயோ ஓடிப்பூட்டா. போலீசுக்குப் போனா பேரு நாறிடும், கம்முனு இரு" என்றார்கள். அவள் அம்மாவும் அழுதபடியே தலையாட்டினாள்.

அப்போதுதான் திவ்யாவின் போன் அலமாரியில் சார்ஜில் கிடந்ததைப் பார்த்தேன். காதலனோடு ஓடுகிறவள் போனையா விட்டுவிட்டுப் போவாள்? எதிர்வீட்டிலிருந்த அவள் தோழியைப் பிடித்து உலுக்கினேன்.

"ஒரு அக்கா பெங்களூர்ல பார்லர் வேலை வாங்கித் தரேன்னுச்சு, ஆன்ட்டி. புது போன் தரேன், பழச ஊட்லயே வச்சுட்டு வான்னுச்சு."

திவ்யாவின் அம்மாவைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போலீஸ் ஸ்டேஷனுக்கு ஓடினேன். சாயங்காலம் சென்ட்ரலில் ரயில் கிளம்புமுன் இருவரையும் பிடித்துவிட்டார்கள். அந்த 'அக்கா'வோடு இன்னும் இரண்டு சிறுமிகள் இருந்தார்கள். பிள்ளைகளை எதற்காக விற்க இருந்தாள் என்று போலீசார் சொன்னதிலிருந்து அந்தத் தாய்க்குத் தூக்கமே இல்லை.

தெரு மட்டும் நன்றாகத் தூங்குகிறது. தண்ணீர் பிடிக்க வந்தால் திவ்யா இன்னமும் 'ஓடிப்போனவ'தான். விற்கப் பார்த்தவளின் பெயரை ஒருவர்கூடக் கேட்கவில்லை.

இப்போதெல்லாம் யாராவது ஒரு பெண் ஓடிவிட்டாள் என்று ஆரம்பித்தால், "நீ பாத்தியா? யாரு இட்டுகினு போனது?" என்று கேட்டுவிடுகிறேன். என்னைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். திருப்பட்டும்.