தங்க வயலில் தோற்றுப்போன மூக்கு

ஞாயிற்றுக்கிழமை, காலை ஏழரை மணி. கிருஷ்ணராஜபுரம் ரயில் நிலையத்தில் மாரிகுப்பம் பாசஞ்சருக்கு இரண்டு டிக்கெட் எடுத்தேன். ஆளுக்கு இருபத்தைந்து ரூபாய். பெங்களூரில் ஒரு பில்டர் காபி இதைவிட அதிகம். என்னோடு வந்தவர் ஹர்ப்ரீத், லூதியானாக்காரர், எங்கள் பீர் ரசிகர் குழுவில் நாக்கு நீளமானவர் என்று பெயரெடுத்தவர். குழுத் தலைவர் மஞ்சுநாத் முன்கூட்டியே காரில் கிளம்பிவிட்டார். பீர் பாட்டில்கள் எல்லாம் அவரிடம்.

இந்தப் பயணத்துக்குக் காரணம் என் வாய். குழுவில் என்னைப் 'பாண்டி' என்றுதான் கூப்பிடுவார்கள். புதுச்சேரிக்காரன் என்று சொன்னால் போதும், எதிரில் இருப்பவர் கண்ணடித்து, "அப்ப பொறந்ததுல இருந்தே தண்ணிதானா?" என்பார். நாற்பத்தாறு வயது வரை இந்தக் கேள்விக்குப் பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறேன். அப்படிப்பட்ட நானே போன மாதம் குழுவில் ஒன்றை எழுதித் தொலைத்தேன். எங்கள் ஆண்டு விழாவில் முதல் குழாயில் யாருடைய பீர் ஓடுவது என்று பேச்சு வந்தது. வொயிட்ஃபீல்டில் ஒரு பீர் விடுதியில் பீர் காய்ச்சும் செல்வம், ஒரு வருடம் பாடுபட்டு ராகியில் செய்த தன் கறுப்பு பீரை முன்வைத்தான். பெயர் 'செகண்ட் ஷிப்ட்'. அவன் ஊர் கோலார் தங்க வயல். தினமும் ரயிலில் வந்து போகிறவன். நான் எழுதினேன்: "தங்க வயல்காரர்களுக்கு வேண்டியது போதை. ருசி அல்ல. அந்த ஊர்ப் பெயரில் பீர் ஊற்றினால் நல்ல நாக்கு உள்ளவன் எவனும் பக்கத்தில் வரமாட்டான்."

செல்வம் கோபப்படவில்லை. "வீட்டுக்கு வாங்கண்ணா. எங்க ஆளுங்க நாக்கைப் பாருங்க. தோத்துட்டோம்னா என் பீரை நானே எடுத்துக்கறேன்" என்று பதில் போட்டான். அதுதான் பந்தயம்.

வண்டி முக்கால் காலியாக இருந்தது. எதிர் இருக்கையில் இரண்டு பை காய்கறியோடு உட்கார்ந்திருந்த அம்மாள் எங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"எங்க, கேஜிஎஃப்பா? சினிமா பாத்துட்டு வர்றீங்களா?"

இல்லை, நண்பர் வீட்டுக்கு என்றேன்.

"அப்ப சரி. கத்தி கபடாலாம் இன்னிக்கு லீவு. தைரியமா போங்க" என்று சொல்லிச் சிரித்தார். ஹர்ப்ரீத்துக்கு நான் மொழிபெயர்த்தேன். பஞ்சாபிகளைப் பற்றி ஊரில் உள்ள எல்லா நகைச்சுவையையும் கேட்டுச் சலித்தவர் அவர். அந்த அம்மாளின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

பங்காருப்பேட்டையில் வண்டி கிளைப் பாதைக்குத் திரும்பியது. அப்புறம் பாறையும் புதரும், தூரத்தில் வெள்ளைச் சாம்பல் நிறத்தில் சயனைடு மேடுகள். தங்கம் எடுத்தபின் கொட்டிய மண் அத்தனையும் மலையாக நிற்கிறது. ஒன்பதே முக்காலுக்கு உரிகம் நிலையத்தில் இறங்கினோம். செல்வம் ஆட்டோவோடு நின்றிருந்தான். சுரங்கத் தொழிலாளர்கள் வரிசையாக வாழும் நந்திதுர்க் லைன் வீடுகளுக்கு அறுபது ரூபாய். நான் பணத்தை எடுப்பதற்குள் ஓட்டுநர் கையை நீட்டித் தடுத்தார். "செல்வம் வூட்டு கெஸ்ட்டு சார் நீங்க. உள்ள வைங்க." மூடிக் கிடக்கும் சுரங்க ஷாஃப்ட்டின் இரும்புக் கோபுரத்தைத் தாண்டும்போது அவராகவே வண்டியை நிறுத்தி, பார்த்துக்கொள்ளுங்கள் என்பதுபோல் காத்திருந்தார். சுரங்கம் 2001இல் மூடியது. கோபுரத்தை அவர் பார்த்த தோரணையில், நேற்றுத்தான் ஷிப்ட் முடிந்து வந்தவர் போலிருந்தது.

பத்தேகால் மணி. செல்வத்தின் வீடு இரண்டு அறை, பின்னால் சின்ன முற்றம். மனைவி கஸ்தூரி, மாமனார் தேசிங்கு. தேசிங்குவுக்கு அறுபத்தெட்டு வயது. பூமிக்கடியில் டிரில் பிடித்து வேலை செய்தவர். அதில் காது பாதி போய்விட்டது.

"இன்னா சார், ரயில்ல சீட்டு கெட்ச்சிதா?" என்று அவர் கேட்டது மாரிகுப்பம் வரை கேட்டிருக்கும்.

"மாமா ரகசியம் பேசுனாலே ரெண்டு தெரு திரும்பிப் பாக்கும்ணா, கண்டுக்காதீங்க" என்றான் செல்வம்.

எங்களுக்கு முன்பே வந்து சேர்ந்திருந்த மஞ்சுநாத் போட்டியை விளக்கினார். துமகூர்க்காரர், தமிழை நிதானமாகப் பேசுவார். "ஆறு கிளாஸ். ஆனா பீர் ஐந்துதான். ஒரே பீரை இரண்டு கிளாஸில் ஊற்றியிருப்பேன். எந்த இரண்டு என்று சொல்லவேண்டும். இந்தப் பக்கம் பாண்டியும் ஹர்ப்ரீத்தும். அந்தப் பக்கம் கஸ்தூரியும் தேசிங்கு அவரும். செல்வம் தொழில்காரன், குடிக்கக்கூடாது. அவர்கள் பதிலை என்னிடம் வந்து சொல்லலாம், அவ்வளவுதான்." தங்க வயல்காரர்கள் கண்டுபிடித்தால் முதல் குழாய் செல்வத்துக்கு. இல்லாவிட்டால் அவன் பீரை எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஆறில் ஒன்று நான் கொடுத்தனுப்பிய பச்சை பாட்டில் பீர் என்பது எல்லாருக்கும் தெரியும். எந்தக் கிளாஸில் இருக்கிறது என்பதுதான் தெரியாது. இருபது வயதில் புதுச்சேரிக் கடற்கரையில், உச்சி வெயிலில், மணலில் பாட்டிலைப் பாதி மட்டும் புதைத்து வைத்துக் குடித்த அதே பீர். பெங்களூர் கடைகளிலும் கிடைக்கிறது. வாங்கிவந்து சமையலறைச் சன்னலில் வரிசையாக அடுக்கியிருக்கிறேன். வருகிறவர்களுக்கு எல்லாம் காட்டுவேன். செல்வமும் பார்த்திருக்கிறான்.

கிளாஸ்கள் முற்றத்து மேசைக்கு வந்தன. நான் முதல் கிளாஸை எடுக்கப்போனேன். தேசிங்கு என் கையைப் பிடித்துவிட்டார்.

"இருங்க சார். மொதல்ல காத்து பாக்கணும்."

செல்வம் விளக்கினான். சுரங்கத்தில் வெடி வைத்த லெவலுக்குள், அதாவது அந்த அடுக்குக்குள், ஆட்கள் போகுமுன் ஒருவர் மட்டும் முன்னால் போய் மூக்கை நீட்டிப் பார்க்க வேண்டும். அவர் சரி என்றால்தான் மற்றவர்கள் காலை வைக்கலாம். எத்தனையோ வருடம் தன் கேங்கில் அந்த முதல் மூக்கு தேசிங்குதான். வீட்டில் குழம்பு, பால், காஸ் சிலிண்டர் எதுவானாலும் இன்றும் அவர் மோந்த பிறகுதான். இன்னொரு பழக்கமும் உண்டாம். காற்று கெட்டிருந்தால் கத்தக்கூடாது. கத்தினால் இருட்டில் ஆட்கள் முட்டி மோதிச் சாவார்கள். கங்காணி காதில் மட்டும் சொல்ல வேண்டும்.

நான் மனதுக்குள் சிரித்துக்கொண்டேன். பெரியவர் ஒவ்வொரு கிளாஸாக முகர்ந்தார். ஐந்தாவதிலிருந்து மறுபடி மூன்றாவதுக்கு வந்தார். தலையை ஆட்டிவிட்டு, "ஆளு சாவமாட்டான். குடிங்க" என்றார்.

குடித்தோம். என் காகிதத்தில் எழுதியதை இங்கே அப்படியே தருகிறேன். மறைத்தால் கதை இல்லை. மூன்றாம் கிளாஸ்: "கடல் காற்றின் காட்டம். சந்தேகமே இல்லை, எங்கள் ஊர் பீர். பத்துக்கு ஒன்பது." ஐந்தாம் கிளாஸ்: "சப்பை. உள்ளூர் மலிவுச் சரக்காக இருக்கும். பத்துக்கு மூன்று." ஒரே பீர் ஊற்றப்பட்டவை ஒன்றும் நான்கும் என்று முடிவு கட்டினேன். ஹர்ப்ரீத் இரண்டும் ஆறும் என்றார்.

கையைக் கழுவ வீட்டின் பக்கவாட்டுக் குழாய்க்குப் போனேன். தலைக்கு மேல் சமையலறைச் சன்னல். உள்ளே தேசிங்கு தன் மருமகனிடம் பழக்கப்படி ரகசியம் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு மைக் வைத்ததுபோல் கேட்டது.

"மூணும் அஞ்சும் ஒண்ணுதாண்டா. மூணாவது வெயில்ல கெட்டுப்போயி கீது. ரப்பர் செருப்பு காஞ்ச நாத்தம்."

"எனக்கும் அப்டித்தான் தோணுச்சு" என்றாள் கஸ்தூரி. "அஞ்சு நல்லா கீது."

பிறகு செல்வத்தின் குரல். "அது பாண்டியண்ணா பாட்டில் மாமா. அவரு சன்னல்ல வெச்சிருக்காரு, நான் பாத்தேன். பச்சை பாட்டில் வெயிலைத் தடுக்காது."

"அப்ப ஜெயிச்சிட்டமா?" என்றார் தேசிங்கு.

"ஜெயிச்சிட்டோம். ஆனா சொல்லப் போறதில்ல. வீட்டுக்கு வந்தவர் ஆசையாக் கொண்டாந்ததை எல்லார் முன்னாடியும் கெட்டுப்போச்சுன்னு எப்டி சொல்றது? சோறு எறங்குமா அவருக்கு?"

குழாயை மூட மறந்து நின்றேன். செல்வம் முற்றத்துக்கு வந்து மஞ்சுநாத்திடம், "எங்களால கண்டுபிடிக்க முடியல சார். தோத்துட்டோம்" என்று சொல்வது காதில் விழுந்தது. ஒரு வருட உழைப்பைக் கைவிடும் குரல்போலவே இல்லை. அடுத்த மூச்சில், "ஊட்டா ரெடி, சாப்ட வாங்க" என்று எல்லாரையும் கூப்பிட்டான்.

நான் உடனே உண்மையைச் சொன்னேன் என்று எழுத ஆசைதான். சொல்லவில்லை. போய் உட்கார்ந்தேன். சூடான ராகிக் களி உருண்டையும் ஆட்டுக்குடல் போட்டிக் குழம்பும் வந்தன. களியை மெல்லாமல் விழுங்கவேண்டும் என்று கஸ்தூரி ஹர்ப்ரீத்துக்குக் காட்டினாள். அவர் கண் கலங்க விழுங்கிவிட்டு இன்னொன்று கேட்டார். மஞ்சுநாத், "எங்கள் ஊர்க் களி உருண்டை, முத்தெ, இதைவிடப் பெரியது" என்று ஆரம்பித்தார், கஸ்தூரி இன்னும் பெரியதாக ஒன்றை அவர் தட்டில் வைத்தாள். வாதம் அத்தோடு முடிந்தது. எனக்கு மட்டும் களி தொண்டையில் நின்றது. தேசிங்கு குனிந்து, "இன்னா சார், காரம் ஜாஸ்தியா?" என்று கேட்டு மோர் டம்ளரை என் பக்கம் தள்ளினார். என் பாட்டில் நாறுகிறது என்று கண்டுபிடித்த மூக்கு என் முகத்துக்கு நேரே இருந்தது. அதில் கேலியின் சாயல்கூட இல்லை. வெட்கத்தில் எனக்கு உடம்பெல்லாம் சுட்டது.

எழுந்து நின்றேன். கையில் குழம்பு.

"மஞ்சுநாத், மூணும் அஞ்சும் ஒரே பீரா?"

அவர் தயங்கினார். "ஆமா. மூன்று உன்னுடைய பாட்டில். ஐந்து, அதே பீர், காலையில் இங்கே ராபர்ட்சன்பேட்டை கடையில் நான் வாங்கியது."

"இவங்க கண்டுபிடிச்சிட்டாங்க. நான் சன்னலுக்கு வெளியில நின்னு கேட்டேன். என் பீர் கெட்டுப்போச்சு, என்னை அவமானப்படுத்தக் கூடாதுன்னு செல்வம் மறைச்சிட்டான்." பிறகு என் காகிதத்தை எடுத்து உரக்க வாசித்தேன், ஹர்ப்ரீத்துக்காக இந்தியிலும். கடல் காற்று, பத்துக்கு ஒன்பது. உள்ளூர் மலிவுச் சரக்கு, பத்துக்கு மூன்று.

ஹர்ப்ரீத் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. மஞ்சுநாத் மூன்றாம் கிளாஸை எடுத்து மோந்து பார்த்து முகத்தைச் சுளித்தார். நானும் மோந்தேன். இருபத்தாறு வருடமாக என் ஊரின் மணம் என்று நான் கொண்டாடியது வெயிலில் கெட்ட பீரின் நாற்றம். கடற்கரையில் புதைத்ததும் வெயில், சன்னலில் வைத்ததும் வெயில். நல்ல பீரை முதன்முறையாகத் தங்க வயலில் குடித்துவிட்டு அதற்கு மூன்று மார்க் போட்டிருக்கிறேன்.

"முதல் குழாய், செகண்ட் ஷிப்ட்" என்று அறிவித்தார் மஞ்சுநாத். கஸ்தூரி கையைத் தட்டினாள். என்ன நடந்தது என்று பாதிதான் கேட்டிருந்த தேசிங்கு, "யாரு ஜெயிச்சது?" என்றார். "நீங்கதான் மாமா!" என்று நான் கத்தினேன். அடுத்த வீட்டிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். கால் மணி நேரத்தில் லைனில் பாதிப் பேர் முற்றத்தில் நின்றார்கள், ஒருவர் கையிலும் கத்தி இல்லை, எல்லார் கையிலும் தின்பதற்கு ஏதோ ஒன்று இருந்தது. செல்வம் ஒளித்து வைத்திருந்த கறுப்பு பீரைத் திறந்தான். களியின் அடிவாசம், கொஞ்சம் கசப்பு, கடைசியில் லேசான இனிப்பு. மார்க் போடும் தகுதி எனக்கு இல்லை. இரண்டு கிளாஸ் குடித்தேன்.

மாலை நாலேகால். உரிகம் நிலையத்துக்குக் குடும்பமே வழியனுப்ப வந்தது. ஊருக்குப் போனதும் சன்னலைக் காலி செய்வேன், குழுவில் எழுதியதை அழிக்காமல் அதன் கீழேயே மன்னிப்பு எழுதுவேன் என்று செல்வத்திடம் சொன்னேன். "அதெல்லாம் இன்னாத்துக்குண்ணா, விடுங்க" என்றான். என் ஊரைப் பற்றி மற்றவர்கள் சொல்வதைக் கேட்டு வளர்ந்தவன் நான். அதையே இன்னொரு ஊர்மேல் எறிந்தேன். பதிலுக்கு அந்த ஊர் எனக்குச் சோறு போட்டது.

வண்டி நகர்ந்தது. நடைமேடையில் தேசிங்கு மருமகன் காதருகே குனிந்தார். பழக்கம் போகுமா, ரகசியம்.

"நல்ல மன்சன்டா அவரு. மூக்குதான் சரியில்ல!"

பெட்டி முழுவதும் திரும்பி என்னைப் பார்த்தது. நான்தான் முதலில் சிரித்தேன்.