பதினாறு படிகளும் ஒரு பை நாய்முடியும்

போன ஐப்பசி மாதம், ஒரு சனிக்கிழமை. அடையாறில் நான் வேலை பார்த்த வீட்டைவிட்டு வெளியேறி பஸ் ஸ்டாப்பை நோக்கி நடந்துகொண்டிருந்தேன். தோளில் அட்டைப்பெட்டியோடு ஒரு வாக்குவம் கிளீனர். வாங்கி மூன்று நாள்தான் ஆகியிருந்தது. கையில் ஒரு துணிக்கடைப் பை. அதற்குள் ஒரு முழம் கார்ப்பெட் துண்டும், அமுக்கித் திணித்த நாய்முடியும். மழை தூறிக்கொண்டிருந்தது. நின்ற ஒரே ஆட்டோவும் பெட்டியைப் பார்த்துவிட்டுக் கிளம்பிப் போயிற்று. காலையில்தான் என்னை வேலையைவிட்டு நிற்கச் சொல்லியிருந்தார்கள். அதுகூடப் பரவாயில்லை, பழகியதுதான். ஆனால் ஐந்து மணிக்குள் நான் சரியான மிஷினோடு திரும்பாவிட்டால் அந்த வீட்டு நாயையும் வண்டியேற்றி அனுப்பிவிடுவார்கள். நாய் ஒரு தப்பும் செய்யவில்லை. தப்பு என்னுடையது.

நான் எட்டாவதோடு நிறுத்தியவன். திருப்பூரில் சாயப்பட்டறை, ஓசூரில் ஓட்டல், நடுவில் போர்வெல் லாரி. எந்த வேலையிலும் ஒரு வருடம் தாண்டியதில்லை. அடையாறு வீட்டில் ஐந்து மாதம். பெருக்கித் துடைக்க வேண்டும், நாயை நடத்திக் கூட்டிப் போக வேண்டும். வெளிநாட்டில் பல வருடம் இருந்துவிட்டுத் திரும்பிய கணவன், மனைவி. நாய்க்கு வயதாகிவிட்டது. கன்றுக்குட்டி அளவு, பொன்னிறம். ஒருமுறை கிரானைட் படியில் வழுக்கிப் பின்னங்காலை உடைத்துக்கொண்டது. அதிலிருந்து பதினாறு படிகளுக்கும் கார்ப்பெட் ஒட்டிவிட்டார்கள். இந்த ஊர்ப் புழுக்கத்தில் படிக்கட்டுக்குக் கார்ப்பெட்!

தரையில் விழும் முடியைக் கூட்டிவிடலாம். கார்ப்பெட்டில் விழுந்தால் அது தன்னைத் தானே நெய்துகொள்கிறது. பூந்துடைப்பம் மேலே தடவிவிட்டுப் போகும். தென்னந்துடைப்பம் கார்ப்பெட்டைப் பிய்க்கும். வீட்டு அம்மாவுக்கோ மூச்சு இழுப்பு. முடி போக வேண்டும், இல்லாவிட்டால் நாய் போக வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். சார் என்னைக் கூப்பிட்டு, "தினம் அந்தப் படியோட மல்லுக்கட்டறவன் நீதான். கார்ப்பெட் பெருக்குற மிஷின் ஒண்ணு நீயே பார்த்து வாங்கிட்டு வா" என்று பணத்தைக் கொடுத்தார்.

நீயே பார்த்து வாங்கு என்று என்னிடம் அதுவரை யாரும் சொன்னதில்லை. அது தலைக்கு ஏறிவிட்டது.

தி.நகரில் ஒரு பெரிய கடை. முதல் மாடியில் விற்பனைப் பையன் தரையில் விரித்த கார்ப்பெட்மேல் அரிசி மாவைக் கொட்டினான், டீத்தூளைக் கொட்டினான், ஒரே இழுப்பில் காணாமல் ஆக்கினான். போர்வெல் லாரியில் இருந்தவன் அல்லவா நான், ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். "இதுல எதுக்குப் பவர் ஜாஸ்தி?" அவன் பீப்பாய் மாதிரி ஒன்றைக் காட்டி ஓட விட்டான். விமானம் கிளம்புவதுபோல் சத்தம். சத்தம் பெரிதாக இருந்தால் இழுவையும் பெரிதாக இருக்கும் என்று எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். முடியை எடுக்குமா என்று கேட்கவில்லை. படியில் நிற்குமா என்றும் கேட்கவில்லை. இத்தனைக்கும் அந்தக் கடையிலேயே படியேறித்தான் மேலே போயிருந்தேன்.

வீட்டுப் படியின் அகலம் ஒன்றரைச் சாண். மிஷின் இரண்டு சாண். இடுப்பில் குழந்தைபோல் தூக்கி வைத்துக்கொண்டு ஒரு கையால் குழாயைத் தேய்த்தேன். எட்டாவது படிக்குமேல் வயர் எட்டவில்லை. முடி அசையவே இல்லை. ஆனால் மிஷின் பின்பக்கம் விட்ட காற்றில் மற்ற படிகளின் தூசெல்லாம் கிளம்பி வீடு முழுக்கப் பறந்தது. இரண்டு நாள் இப்படிப் போராடினேன். மூன்றாம் நாள் காலை கை வழுக்கி, மிஷின் படிப்படியாக உருண்டு, கீழே படுத்திருந்த நாயின் தலையை ஓர் இஞ்ச் விட்டுத் தரையில் விழுந்தது. நாய் அலறிக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய்விட்டது. அம்மாவுக்கு இழுப்பு ஏறி, ஆவி பிடிக்கும் மிஷினை இரண்டு தடவை வைக்க வேண்டியதாயிற்று. சார் திருவான்மியூருக்கு அப்பால் தோட்டம் வைத்திருக்கும் யாருக்கோ போன் செய்து, சாயங்காலம் ஐந்து மணிக்கு வந்து நாயை எடுத்துக்கொள்ளச் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பி, "நீயும் இன்னியோட நின்னுக்கப்பா" என்றார். ஐந்து மணிவரை டைம் கொடுங்கள் என்று மட்டும் கேட்டேன்.

கடையில் தீபாவளிக் கூட்டம். பையைத் திறந்து முடியைக் காட்டியதும் அதே பையன், "இன்னாண்ணே, சவுரி விக்க வந்தியா?" என்றான். பக்கத்தில் இருந்தவர்களெல்லாம் சிரித்தார்கள்.

"மிஷின் ஓடுதுல்ல? அப்ப திரும்ப எடுக்க மாட்டோம்."

"ஓடுது தம்பி. பதினாறு படியும் உருண்டு ஓடுது" என்றேன்.

மேனேஜரைப் பார் என்றார்கள். மேனேஜர் பில்லிங்கில் பார் என்றார். பில்லிங்கில் சர்வீஸைப் பார் என்றார்கள். சர்வீஸுக்குச் சனிக்கிழமை அரைநாள். மணி மூன்று ஆகிவிட்டது. எனக்குப் பொறுக்கவில்லை. கடைப் படிக்கட்டின் நடுவில் உட்கார்ந்து, வீட்டுப் படிக்கு ஒட்டி மிஞ்சிய கார்ப்பெட் துண்டை ஒரு படியில் விரித்து, முடியைப் போட்டுக் காலால் நன்றாகத் தேய்த்தேன். "இத எந்த மிஷின் எடுக்குதோ அதக் குடுங்க. இல்லாட்டி எழுந்திரிக்க மாட்டேன்."

கூட்டம் மேலேயும் போக முடியாமல் கீழேயும் போக முடியாமல் நின்றது. யாரோ செல்போனில் படம் பிடித்தார்கள். மேனேஜர் பதறிப்போய் இரண்டு பெரிய மிஷின்களை இறக்கினார். இரண்டுமே உறுமின. முடி அப்படியே கிடந்தது.

படியைத் துடைத்துக்கொண்டிருந்த ஓர் அம்மாள் மாப்பைச் சாய்த்து வைத்துவிட்டு வந்தார். "நவுரு நைனா. முடிய காத்துல எடுக்க முடியாது, சீவித்தான் எடுக்கணும். உன் தலைல சிக்கு கீதுன்னு வெச்சுக்க. சீப்பப் போடுவியா, ஃபேனப் போடுவியா?"

சொல்லிக்கொண்டே ரப்பர் கையுறையை நனைத்து ஒரே பக்கமாக வழித்தார். முடி திரிபோல் உருண்டு வந்தது. "அந்த மூலைல கைல புடிக்கற சின்னது கீது பாரு, வாய்ல பிரஷ் சுத்தும். அத்த எட்தா."

"யக்கா, அது சோஃபாவுக்கு" என்றான் பையன்.

"நீ என்னிக்கு பெருக்கின? நான் பத்து வருசம் சினிமா தியேட்டர்ல படி பெருக்கினவ. எட்தா சொல்றேன்."

வயர்கூட இல்லாத சின்ன மிஷின். அடங்கின சத்தம். நாலு தடவை இழுத்ததும் கார்ப்பெட்டின் நிறம் தெரிந்தது. ஆள் எழுந்தால் போதும் என்று மேனேஜர் மாற்றிக் கொடுத்துவிட்டார்.

அந்த அம்மாளுக்கு நன்றி சொன்னபோது கேட்டார், "நீ இன்னா வேல பாக்குற?"

"பெருக்குறேன்மா. இன்னியோட அதுவும் போச்சு."

"அப்ப உனக்கே தெரிஞ்சிருக்குமே" என்றார். குத்தலாகச் சொல்லவில்லை, நிஜமாகவே ஆச்சரியப்பட்டுத்தான் கேட்டார். தரமணியில் தன் கான்ட்ராக்டர் ஆள் தேடுவதாகச் சொல்லி இடத்தையும் சொன்னார்.

பஸ்ஸில் வரும்போது அந்தக் கேள்வி என்னை விடவில்லை. பையில் இருந்த முடியை நான் எப்படிச் சேர்த்தேன்? ஐந்து மாதமாக, துடைப்பத்துக்கு வராததை, உள்ளங்கையை நனைத்து வழித்து எடுத்துத்தானே? என் கைக்குத் தெரிந்திருந்தது. அதை ஒரு விஷயமாகவே நினைக்காமல் அந்தப் பையனிடம் போய் பவரைக் கேட்டேன்.

நான் போனபோது வாசலில் வண்டி நின்றிருந்தது. நாயைச் சங்கிலியோடு கேட்டில் கட்டியிருந்தார்கள். "அரை மணி குடுங்க சார்" என்று கெஞ்சிப் பதினாறு படிகளையும் முடித்தேன். அம்மா முகத்தில் துண்டைப் பொத்திக்கொண்டு வந்து, ஒரு படியில் உட்கார்ந்து, கார்ப்பெட்டைத் தடவிப் பார்த்தார். துண்டை எடுத்தார். இருமல் வரவில்லை. சார் போய் வண்டியைத் திருப்பி அனுப்பினார்.

அம்மா மிஷினைக் கையில் வாங்கித் தூக்கிப் பார்த்தார். "அய்யோ, இவ்ளோ லேசா இருக்கே! இத நானே பண்ணிடுவேனே." "டாக்டர் என்னையும் நடக்கச் சொல்லியிருக்கார், நாயை நானே..." என்று ஆரம்பித்த சார், பாதியில் நிறுத்திக்கொண்டு என்னைப் பார்த்தார். இரண்டு வேலைக்கும் இனி நான் தேவையில்லை. வாசலுக்குப் போய் நாயின் சங்கிலியை அவிழ்த்துவிட்டேன். அது ஏழாவது படியில் போய்ப் படுத்துக்கொண்டது. புதிதாக முடி உதிர்க்க ஆரம்பித்திருக்கும்.

திங்கட்கிழமை காலை, கடையில் அந்த அம்மாள் சொன்ன தரமணி அலுவலகக் கட்டடத்துக்குப் போனேன். அங்கேயும் படிக்கட்டில் கார்ப்பெட். சூப்பர்வைசர் ஒரு பீப்பாய் மிஷினைக் காட்டி, பவர் ஜாஸ்தி என்றார். நான் குனிந்து படியைச் சாணால் அளந்துவிட்டு, இது ஆகாது சார் என்றேன். "ஏன், நீ இன்னா இன்ஜினியரா?" என்று கேட்டார். "இல்ல சார், பெருக்குறவன்" என்றேன். அந்தச் சொல்லை என் தகுதியாக நான் சொன்ன முதல் தடவை அது. அன்று சேர்ந்த வேலையில்தான் இன்னும் இருக்கிறேன்.