பெஞ்சு இல்லாத பிள்ளை

மியூரியல் லசோரை எனக்கு நாற்பது வருஷமாகத் தெரியும். ஆற்றங்கரையில் இருக்கும் எங்கள் மோஹாக் பழங்குடி ஊர்ப் பள்ளியில் அவள் ஆறாம் வகுப்பு டீச்சர், நான் சமையல்காரி. இருவரும் ஓநாய்க் குலம். மழை கொட்டினாலும் மணி அடிக்காமல் பிள்ளைகளை உள்ளே விடமாட்டாள். விதி என்றால் அவளுக்கு விதிதான்.

அவள் தம்பி வெஸ்லிக்குப் பட்டணத்தில் இரும்புக் கட்டட வேலை. அங்கேயே வெளிக்காரி ஒருத்தியைக் கட்டினான். போன வருஷம் அவள் செத்துப்போக, பதினொரு வயது மகள் கோரினை அக்கா வீட்டில் கொண்டுவந்து விட்டான். எங்களுக்குக் குலம் தாய்வழி. தாய்க்குக் குலம் இல்லையென்றால் பிள்ளைக்கும் இல்லை. அத்தை உயிரையே வைத்திருந்தாலும் அத்தையின் குலம் ஒட்டாது.

அக்டோபரில் குடியாட்சிப் பாடம் வந்தது. பழைய கிரேக்கமும் நாங்களும் ஒரே அத்தியாயத்தில். முதல் நாள் ஏதென்ஸ் முறை. மதியம் பீட்சாவா சோளக் கஞ்சியா என்று கைதூக்கச் சொன்னாள். பதினான்குக்கு ஒன்பது, பீட்சா ஜெயித்தது. ஊற வைத்த சோளத்தை நான் என்ன செய்வது? அந்தக் கிரேக்கர்களை வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

மறுநாள் எங்கள் முறை. சபை நெருப்பைச் சுற்றி மூன்று குலமும் உட்காருவதுபோல மூன்று பெஞ்சுகளைச் சுற்றிப் போட்டாள். "அவங்கவங்க குலத்து பெஞ்சுல போய் உக்காருங்க" என்றாள். எங்கள் ஊரில் எல்லா டீச்சரும் யோசிக்காமல் சொல்லும் வார்த்தை அது. ஆமை, ஓநாய், கரடி என்று பிள்ளைகள் ஓடி உட்கார்ந்தார்கள். கோரின் மட்டும் நடுவில் நின்றாள்.

"நடுவுல நெருப்பு வேணும்ல டீச்சர்? செம்பட்டைத் தலை ஒண்ணு நிக்குதே!" என்றான் ஒருவன். வகுப்பே சிரித்தது. பரிமாறும் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

மியூரியல் அன்று சமையலறையில் வந்து அழுதாள். "நான்தாண்டி சொன்னேன் லோர்னா. எவ்வளவு தெரிஞ்சிருந்தும் என் வாயாலயே சொன்னேன்."

விஷயம் வெஸ்லி காதுக்குப் போயிற்று. "உக்கார இடமில்லாத ஊர்ல எம்பொண்ணு எதுக்குக்கா? நம்ம குலத்துல எடுத்தா இருக்கட்டும். இல்லேன்னா அவ அம்மாவைப் பெத்தவங்க கேக்குறாங்க, அங்க விட்டுடறேன்" என்று சொல்லிவிட்டான்.

குலத்தில் எடுக்க வழி உண்டு. குலத்துப் பெண்கள் கூடிச் சம்மதித்தால், நடுக்குளிர் சடங்கில் பிள்ளைக்குப் பெயர் வைத்துவிடலாம். ஆனால் நாங்கள் கைதூக்கி எண்ணுகிறவர்கள் இல்லை. எல்லார் மனமும் ஒன்றாக வேண்டும். ஒருத்தி மனம் இடறினாலும் காரியம் நின்றுவிடும்.

சபை கூடும் நீள்வீட்டில் பன்னிரண்டு பேர் கூடினோம். மியூரியல் கேட்ட கேட்பில் கல்லும் கரைந்திருக்கும். குலத்தாய் ஐரீன் ஒவ்வொருத்தியாக, "மனசு ஒண்ணாச்சா?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். ஆச்சு, ஆச்சு என்றார்கள். என் முறை வந்தது.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் இதே இடத்தில் என் மகன் பிள்ளைகள் இரண்டுக்காக நான் கெஞ்சினேன். அவர்கள் அம்மாவும் வெளிக்காரிதான். "தாய்வழின்னா தாய்வழிதான் லோர்னா. ஆளுக்கு ஆள் வளைச்சா அப்புறம் எதுக்கு வழக்கம்?" என்று தடுத்தவள் ஒருத்திதான். மியூரியல். அந்தப் பிள்ளைகள் இப்போது எந்த ஊரில் இருக்கின்றன என்றுகூட எனக்குத் தெரியாது. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். தெரியட்டுமே என்று இருந்தது எனக்கு.

"எம்மனசு சேரல" என்றேன்.

ஐரீன் மூன்று தடவை கேட்டாள். மூன்று தடவையும் அதையே சொன்னேன். வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் நாளைக்குக் கேட்டாலும் மாற்றிச் சொல்வேனா என்று தெரியவில்லை.

வெஸ்லி வண்டியோடு வந்த அன்று, கோரின் புத்தகங்களைத் திருப்பிக் கொடுக்கப் பள்ளிக்கு வந்தாள். சமையலறையில் மியூரியல் பக்கத்தில் மேலங்கியோடு உட்கார்ந்து கஞ்சி குடித்தாள்.

"அத்தை, ஒருத்திதான் ஒத்துக்கலியாமே? அப்ப பதினொண்ணுக்கு ஒண்ணு. நாம ஏதென்ஸ்ல இருந்திருந்தா நான் ஜெயிச்சிருப்பேன்ல?"

"இல்லடா கண்ணு. அங்க அம்மா அப்பா ரெண்டு பேருமே ஊர்க்காரங்களா இருக்கணும். அதுவும் பொம்பளைங்களுக்குக் கைதூக்குற உரிமையே கிடையாது" என்றாள் மியூரியல்.

கோரின் கொஞ்ச நேரம் கஞ்சியைக் கிளறினாள். "அந்த ஒருத்தி யாரு அத்தை?"

மியூரியல் என்னைப் பார்க்கவில்லை. "தெரியலடா" என்றாள். அன்று நீள்வீட்டில் என் தோளை ஒட்டித்தான் அவள் உட்கார்ந்திருந்தாள்.

வெளியே வெஸ்லி ஹாரன் அடித்தான். வழிக்கு இருக்கட்டும் என்று பொரித்த ரொட்டி நான்கைப் பொட்டலம் கட்டி நீட்டினேன். பிள்ளை எழுந்து வந்து என் இடுப்பைக் கட்டிக்கொண்டு, "நீங்கதான் லோர்னாம்மா எனக்கு எப்பவும் ஒரு கரண்டி கூட ஊத்துவீங்க" என்றாள்.