இடிக்கு வைத்த இரும்பு

1944 ஏப்ரல் 14. பம்பாய்த் தாராவியில் முருகம்மாளின் கட்டிலடியில் கோழி நான்கு முட்டைகளை அடைகாத்தது. காசநோயில் கிடந்த கணவன் பூலோகத்துக்கு, பிறக்கப்போகும் குஞ்சுகளை நம்பித்தான் இனி முட்டையும் சாறும். இடிச்சத்தம் கருவைக் கெடுக்காமலிருக்க அடைக்கூடையில் இரும்பு வைப்பது ஊர் வழக்கம். ஆணி கிடைக்காததால், தோல் பதனிடும் வேலையில் அவன் ஆட்டுத்தோல் சீவிய கத்தியைக் கூடை விளிம்பில் செருகியிருந்தாள்.

மாலையில் துறைமுகத்தில் வெடிமருந்துக் கப்பல் வெடித்தது. கோழி பதறி எழுந்ததில் கத்தி சரிந்து மூன்று முட்டைகள் நொறுங்கின. உள்ளே இறகு முளைத்த குஞ்சுகள் செத்திருந்தன. கீறல் விழுந்த நான்காவதில் காகிதத்தைக் கஞ்சியால் ஒட்டினாள்.

"ஏட்டி, செத்ததுக்கா கட்டுப் போடுத?" என்றான் பூலோகம்.

"வாய மூடும். உம்மையும் அப்படித்தான வச்சிருக்கேன்."

கோழி மறுபடி அடையில் உட்காரவில்லை. மறுநாள் அதை அறுத்து அவனுக்குச் சாறு வைத்தாள்.